கிப்பன்களின் பாட்டோடு தொடங்கிய கச்சேரி

அழிவின் விளிம்பில் இருக்கும் வாலில்லாக் குரங்குகளின் பாதுகாப்புக்காக நிதி திரட்டிய இசை நிகழ்ச்சிக்கு நேற்று மாலை சென்றிருந்தேன். முதலில் ஒலித்தது மனிதக் குரல் அல்ல. விளக்குகளை அணைத்துவிட்டு, விடியற்காலையில் கிப்பன் என்னும் சிறிய வாலில்லாக் குரங்கு இணை ஒன்று சேர்ந்து பாடிய ஒலிப்பதிவை ஒலிக்கவிட்டார்கள். ஆணின் குறுகிய கூவல்களுக்கு நடுவே பெண்ணின் குரல் மெல்ல எழுந்து, வேகம் கூடி, உச்சியில் நடுங்கி இறங்கியபோது, மேடையில் இருந்த வயலின் கலைஞர் வில்லை மடியில் வைத்துக்கொண்டு கண்மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். காட்டில் ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் கேட்கும் அந்தப் பாட்டு, 'இது எங்கள் இடம்' என்று அண்டை இணைகளுக்கு அவை விடுக்கும் அறிவிப்பும் ஆகும்.

என்னை மிகவும் கலங்கவைத்தது ஒராங்குட்டான்களின் நிலைதான். 2017-இல் தனி இனமாக அறிவிக்கப்பட்ட தபனுலி ஒராங்குட்டான்கள், சுமத்ராவின் பத்தாங் தோரு காட்டில் மட்டுமே, 800-க்கும் குறைவாக எஞ்சியுள்ளன. ஒராங்குட்டான் தாய் ஏழெட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் குட்டி ஈனுகிறது. குட்டியைக் கவர்வதற்காகத் தாயைக் கொன்றுவிடுகிறார்கள் என்பதால், ஒரு குட்டி விற்கப்படும்போது பெரும்பாலும் இரண்டு உயிர்களைக் காடு இழக்கிறது. அப்படி மீட்கப்படும் குட்டிக்கு மரமேறவும், இரவு உறங்கக் கிளைகளை வளைத்துக் கூடு கட்டவும், தாய் சொல்லித்தர வேண்டியதையெல்லாம் பராமரிப்பாளர்கள் ஆண்டுக்கணக்கில் பழக்க வேண்டியிருக்கிறது. நுழைவுச்சீட்டுப் பணம் இத்தகைய பராமரிப்புக்கும் வனக் காவலர்களுக்கும் போகிறது.

இந்த உழைப்பு வீண் என்று எவரும் சொல்ல வேண்டாம். காவலர்களும் கால்நடை மருத்துவர்களும் விடாமல் காத்ததால் மலைக் கொரில்லாக்களின் எண்ணிக்கை 1,000-ஐத் தாண்டியது. 2018-இல் அவற்றின் அபாய நிலை ஒரு படி தணிக்கப்பட்டது. அடுத்த நிகழ்ச்சிக்கும் நான் கட்டாயம் செல்வேன், நீங்களும் வாருங்கள்.