காப்புக் கட்டிய பிறகு புயல் வந்தால்

மொரீஷியஸில் தைப்பூசம் வருவதே புயல் காலத்தின் நடுவில்தான். நவம்பரில் தொடங்கும் புயல் காலம் ஏப்ரல் வரை ஓயாது. காவடி என்று இங்கே சொல்லும் அந்த நாளோ ஜனவரியில், இல்லையென்றால் பிப்ரவரியில். 2024-இல் காவடி ஜனவரி 25. அங்கிருந்து பத்து நாள் பின்னோக்கி எண்ணினால், பெலால் புயல் போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்களை மிதக்கவிட்ட 15ஆம் தேதியில் போய் நிற்கும். ஒரு பக்கம் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு, இன்னொரு பக்கம் ரேடியோவில் எச்சரிக்கை.

இந்த நேரத்தில் குழப்பம் வருவது விரதத்தையும் ஊர்வலத்தையும் ஒன்றாகப் போட்டுக்கொள்வதால்தான். நேர்ந்துகொண்டது பத்து நாள் விரதமும் பாலும் காவடியும். வானம் வெளுத்துக் கிடக்கும் என்று முருகன் யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. கோவில் கதவு சாத்தியிருந்தாலும் விரதம் வீட்டில் நடக்கும். அவசரப்பட்டுக் காப்பை அவிழ்க்க வேண்டாம்.

பெலால் சமயத்தில் இருந்த எச்சரிக்கைக் கணக்கு இது: கிளாஸ் 1 என்றால் மணிக்கு 120 கி.மீ. வேகத்தில் காற்று வீச 36 முதல் 48 மணி நேரம் இருக்கிறது. கிளாஸ் 2-இல் அதற்கு முன் கூடுமானவரை 12 மணி நேரப் பகல் வெளிச்சம் கிடைக்கும், கிளாஸ் 3-இல் 6 மணி நேரம். கிளாஸ் 4 வந்தால் காற்று அந்த வேகத்தைத் தொட்டுவிட்டது, இன்னும் வீசும் என்று பொருள். மழைக்கு இந்தக் கணக்கு கிடையாது, வெள்ளம் இதற்கு முந்திக்கொண்டே வரும். கிளாஸ் 3-க்கு அப்புறமும் மாலைப் பூஜைக்குக் கிளம்புவது பக்தியில் சேராது.

வேலையெல்லாம் கிளாஸ் 1-இலேயே முடிய வேண்டும். குடிக்க, சமைக்க ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் என்று மூன்று நாளுக்குத் தண்ணீர். விரதக்காரருக்குக் காலை மாலை குளியல் உண்டு, அதற்குத் தனியாக ஒரு டிரம். அரிசி, பருப்பு, உருளைக்கிழங்கு, கேஸ், கற்பூரம். மின்சாரம் போனால் மற்றவர்கள் ஃபிரிட்ஜைப் பார்த்துக் கவலைப்படுவார்கள். விரத வீட்டில் அந்தக் கவலை குறைவு, மச்சம் (மீன், இறைச்சி) இல்லை, மிச்சம் வைத்துச் சாப்பிடும் வழக்கமும் இல்லை.

ஜன்னல் சாத்திய அறையில் விளக்கைத் தரையில், திரைச்சீலைக்கு எட்டாமல் ஏற்றுங்கள். ஒரு துண்டு கற்பூரம் போதும். புகை போக வழியில்லை.

புயலின் கண் ஊருக்கு மேலே வந்தால் காற்று சட்டென்று அடங்கிவிடும். சில சமயம் வெளிச்சம்கூட வரும். "சாமி காப்பாத்திட்டார்" என்று கதவைத் திறந்து, கூரைத் தகரத்தைப் பார்க்கப் போவார்கள். கண் கடந்ததும் காற்று எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் அடிக்கும். முதல் அடியில் ஆணி தளர்ந்த தகரம் பறப்பது இரண்டாவது அடியில்தான். அந்த அமைதியில் உள்ளேயே உட்கார்ந்து, தெரிந்த பாட்டை இன்னொரு தரம் பாடுங்கள். எச்சரிக்கை நீங்கியதாக அறிவிக்கும் வரை கதவு திறக்கக்கூடாது.

காற்று போன பிறகுதான் உடம்புக்கு ஆபத்து. வெள்ளத் தண்ணீரில் எலி மூத்திரம் கலந்திருக்கும். காலில் கீறலோடு அதில் நடந்தால் எலிக்காய்ச்சல் வரலாம். அலகு குத்துபவர்கள் டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருஷம் ஆனது என்று பார்த்துக்கொள்ளவும். சர்க்கரைக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்கள் ஒருவேளைச் சாப்பாட்டு விரதம் தொடங்கும் முன்பே டாக்டரிடம் அளவைக் கேட்க வேண்டும். மருந்து அப்படியே இருந்து சாப்பாடு மட்டும் குறைந்தால் வெயிலில், நடுவழியில் மயக்கம் போடும். காவடியன்று குளிக்கப் போகும் ஆறு பெருகியிருந்தால் இறங்க வேண்டாம், சொம்பில் மொண்டு தலையில் ஊற்றினால் போதும்.

தோட்டத்துப் பூவெல்லாம் காற்றோடு போயிருக்கும். காவடிக்குத் தென்னங்குருத்தும் மாவிலையும் துணிப்பூவும் அழகுதான். தென்னை மட்டை தேட வேண்டியதில்லை, தெருவெல்லாம் கிடக்கும்.

பால் விஷயத்தில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். கோவிலில் செம்பைத் திறக்கும்போது பால் திரியாமல் இருந்தால் வேண்டுதல் ஏற்கப்பட்டது என்பது இங்கே ஊறிப்போன நம்பிக்கை. திரிந்துவிட்டால் விரதத்தில் குறை என்று காதோடு காதாகப் பேசுவார்கள். அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்காது. பல சமயம் குறை செம்பில்தான். முதல் நாள் புளி போட்டுத் தேய்த்து, கழுத்து வளைவுக்குள் விரல் விடாமல் கழுவியிருப்பார்கள். அந்த இடுக்கில் ஒட்டிய புளி போதும், புளிப்பு பட்டால் பால் திரியும். தேய்த்த செம்பை மூன்று தண்ணீரில் அலசி, உட்கழுத்தை விரலால் தடவி, அந்த விரலை நக்கிப் பாருங்கள். புளிப்பு தட்டினால் இன்னொரு தரம். அப்புறம் கவிழ்த்துக் காயவிடுங்கள். பாலை அன்று காலையில்தான் வாங்க வேண்டும். புயலுக்குப் பின் மின்சாரம் விட்டுவிட்டு வரும் ஃபிரிட்ஜில் முதல்நாளே வைத்த பால் சேன்ட் குரோவா கைலாசம் கோவில் வாசல்கூடப் போய்ச் சேராது. கோர் தெ கார்த் மலைப்படி ஏறுபவர்களுக்கு இது இன்னும் முக்கியம். காய்ச்சி ஆறவைத்து ஊற்றலாமா என்பதில் கோவிலுக்குக் கோவில் வழக்கம் வேறு, குருக்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். செம்பின் வாயை வாழையிலையால் கட்டி, கிளம்பும் வரை நிழலில் வையுங்கள்.

காவடி இறக்கியதும் வாழையிலையில் ஏழு கறிச் சோறு. புயல் வருஷத்தில் கீரையும் தக்காளியும் சந்தையில் கை வைக்க முடியாத விலைக்குப் போகும். முன்பே வாங்கி வைத்த பூசணி கெடாது, மண்ணுக்குள் இருக்கும் மரவள்ளிக்கும் காற்றால் ஒன்றும் ஆகாது. அதோடு, காற்றில் விழுந்த பலாப்பிஞ்சு தெருவில் யாராவது ஒரு வீட்டில் இருக்கும். கேட்டால் கொடுப்பார்கள். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு நறுக்குங்கள், பால் ஒட்டாது.