புதிய பயிற்சியாளரும் அவருடைய பேட்டிகளும்

தலைமைப் பயிற்சியாளர் ஒருவர் செய்தியாளர்கள் முன் தடுமாறினால் அணியே தடுமாறப்போகிறது என்று முடிவு கட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. 2021 ஜனவரியில் அமெரிக்கக் கால்பந்தின் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணிக்குப் பொறுப்பேற்ற நிக் சிரியானி, தம் முதல் செய்தியாளர் சந்திப்பில் சொற்களைத் தேடித் திணறினார்; அதே ஆண்டு அக்டோபரில், ஏழு ஆட்டங்களில் ஐந்தில் தோற்றிருந்த நிலையில், மண்ணுக்கடியில் வேர் பிடிக்கும் பூச்செடியோடு தம் அணியை ஒப்பிட்டுப் பேசிக் கேலிக்கு ஆளானார். ஆனால் அந்தப் பருவத்திலேயே அணி பட்டத்துக்கான வெளியேற்றுச் சுற்றான பிளேஆஃபை எட்டியது. 2025 பிப்ரவரியில் கான்சஸ் சிட்டி சீஃப்ஸை 40–22 என வீழ்த்தி பட்டத்துக்கான இறுதி ஆட்டமான சூப்பர் பௌலையும் வென்றது.

பயிற்சியாளரின் முக்கியமான பேச்சு, ஆட்டப் பதிவை நிறுத்தி நிறுத்தி ஓட்டி, வீரரின் கால் எந்த இடத்தில் பிசகியது என்று காட்டும் அறையில்தான் நடக்கிறது. அங்கே அவர் தெளிவாகப் பேசினால் எனக்குப் போதும். எனக்குக் கவலை தருவது வேறு வகைப் பேட்டி: தோல்விக்குப் பின் தம் வீரரையே பெயர் சொல்லிப் பழிப்பது. அது எவ்வளவு சரளமாக இருந்தாலும், மறுநாள் காலை அந்தப் பயிற்சியாளர் உடைமாற்றும் அறைக்குள் நுழையும்போது அத்தனை பேரும் அதைக் கேட்டு முடித்திருப்பார்கள்.