தொப்பூர் இறக்கத்தில் எடை செய்வதும் செய்யாததும்

தருமபுரிக்கும் சேலத்துக்கும் நடுவே இருக்கிற தொப்பூர் கணவாயைப் பற்றி டிரைவர்களிடம் இரண்டு பேச்சு உண்டு. "காலி வண்டியைவிட லோடு வண்டிதான் இறக்கத்துல வேகமா ஓடும்" என்பது ஒன்று. "பன்னெண்டு டன் கல்லு, அது எங்கே நகரப்போகுது?" என்பது இன்னொன்று. இரண்டுமே தப்பு.

கிருஷ்ணகிரி பக்கத்து குவாரிகளிலிருந்து தூத்துக்குடிக்கு கிரானைட் ஏற்றிப்போவது என் பிழைப்பு. மகள் பத்தாம் வகுப்பு. அவளுக்கு அறிவியலில் முதல் பாடமே இயக்க விதிகள்தான். அவள் சத்தம் போட்டுப் படிப்பதைக் கேட்டால் எனக்குத் தொப்பூர்தான் கண்ணில் வருகிறது.

முதல் பேச்சை எடுத்துக்கொள்வோம். லோடு கூடினால் சரிவில் வண்டியை இழுக்கிற விசையும் கூடும், சரி. ஆனால் அந்த விசை நகர்த்த வேண்டிய நிறையும் அதே அளவு கூடிவிட்டதே! விசையை நிறையால் வகுத்தால் முடுக்கம். நியூட்டன் 1687-இல் அச்சேற்றிய இரண்டாம் விதி இது. வகுக்கும்போது நிறை அடிபட்டுப் போய்விடும். நியூட்ரலில் உருளவிட்டால் காலி வண்டியும் லோடு வண்டியும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் வேகமெடுக்கும். காலி வண்டியைக் காற்று கொஞ்சம் கூடுதலாகத் தடுக்கும், அவ்வளவுதான்.

அப்புறம் ஏன் லோடு வண்டி கைமீறிப் போகிறது? நிறுத்துவதில்தான் எடை தன் வேலையைக் காட்டும். 40 டன் வண்டி 100 மீட்டர் உயரம் இறங்கினால் வெளிப்படுகிற ஆற்றல் ஏறக்குறைய 125 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். பிரேக்கை மட்டும் நம்பினால் அவ்வளவு சூடும் சக்கரத்தோடு சுற்றுகிற டிரம்முக்கும், அதை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கிற லைனிங்குக்கும்தான் போகும். சூட்டில் டிரம் விரிந்து லைனிங்கைவிட்டு விலகும், லைனிங்கும் பிடிப்பை இழக்கும். ஏர் பிரேக்கில் பெடல் காலுக்கு எதையும் சொல்லாது, எப்போதும் போலவே அமுங்கும். கருகிய வாடைதான் முதலில் வரும், பிறகு கண்ணாடியில் புகை தெரியும். வேகத்தை 30-லிருந்து 60-க்கு விட்டால் வண்டியின் இயக்க ஆற்றல் இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு. மகளின் கணக்குகளில் "உராய்வைப் புறக்கணிக்க" என்று போட்டிருக்கிறது. எழுதியவர் இந்தப் பக்கம் லாரியில் வந்ததில்லை போலிருக்கிறது.

ஏறுகிற கியரிலேயே இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொல்வது இதனால்தான். கியரில் இருந்தால் சூட்டில் பெரும்பங்கை எஞ்சின் வாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் டீசல் மிச்சமாகும் என்பதும் இன்றைய எஞ்சின்களுக்குப் பொருந்தாது. கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் டீசல் போவதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கக் கொஞ்சம் குடிக்கும்.

மூன்றாம் விதி சுருக்கம். டயர் ரோட்டைத் தள்ள, ரோடு டயரைத் தள்ளுகிறது. முதல் தூறலில் ரோட்டில் எண்ணெய்ப் பிசுக்கு மிதக்கும்போது அந்தத் தள்ளல் பாதியாகிவிட்டதுபோல இருக்கும்.

இனி கல். கிரானைட் ஒரு கன மீட்டர் சுமார் 2.7 டன். மூன்று மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரமுள்ள பிளாக் பன்னிரண்டு டன் வரும். பிரேக் அடித்தால் நிற்பது வண்டி. கல்லுக்கு அது தெரியாது, அது போன வேகத்திலேயே போகப் பார்க்கும். முதல் விதி. அதைப் பிடித்து நிறுத்துவது அடியில் இருக்கிற உராய்வு. கனம் கூடினால் உராய்வும் கூடும், ஆனால் கல்லை நிறுத்தத் தேவைப்படும் விசையும் அதே கணக்கில் கூடும். இங்கேயும் எடை அடிபட்டுப் போகிறது. கனம் என்பதற்காக எந்தக் கல்லும் இருந்த இடத்தில் இருக்காது. அடியில் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. குவாரித் தூசி படிந்த வெறும் இரும்புத் தளத்தில் கல் வழுக்கும், கட்டை போட்டால் கவ்வும். முன்னால் நகர்ந்தால் அடுத்து இருப்பது கேபின், அதில் நானும் கிளீனரும்.

ஏற்றும்போது சங்கிலியை எவ்வளவு இறுக்கினாலும் குலுங்கலில் கட்டை அமுங்கித் தளர்ந்துவிடும். அதனால் கணவாய்க்கு முன்னால் டோல்கேட் தாண்டியதும் ஓரங்கட்டி, ஒவ்வொரு சங்கிலியையும் ஜாக்கிக் கம்பியால் தட்டிப் பார்ப்போம். இறுக்கமான சங்கிலி கணீரென்று கேட்கும். தொளதொளவென்று ஒலித்தால் மறுபடி இறுக்கியாக வேண்டும், பின்னால் எத்தனை பேர் ஹாரன் அடித்தாலும் சரி.