ஊட்டி மலையில் சீன கூஸ் வாத்து: முட்டை முதல் மேய்ச்சல் வரை

வாங்கும்போது முதலில் தலையைப் பாருங்கள். சீன இனத்துக்கு அலகு நெற்றியைத் தொடும் இடத்தில் குமிழ் திரண்டிருக்கும். எம்டன் என்ற இன்னொரு கூஸ் இனத்துக்கு அது கிடையாது. கழுத்து ஒல்லியாக நீண்டு, உடம்பு நிமிர்ந்து நிற்கும். வெள்ளை ரகத்துக்கு அலகும் குமிழும் ஆரஞ்சு. பழுப்பு ரகத்துக்கு இரண்டும் கறுப்பு, பின்கழுத்தில் கரும்பட்டையும் உண்டு. ஆண் சுமார் 5 கிலோ, பெட்டை 4 கிலோ. ஆணின் குமிழ் பெரிதுதான். ஆனால் இளசில் அதை நம்பி ஜோடி சேர்த்தால் ஏமாற்றம்தான். குரலை நம்பலாம்: ஆண் உச்சக் குரலில் கீச்சிடும், பெட்டை அடித்தொண்டையில் கரகரக்கும். ஓர் ஆணுக்கு 4 பெட்டை சரியாக இருக்கும்.

மலையில் பாடு படுத்துவது அடைகாப்புதான். சீனப் பெட்டை நன்றாக முட்டை வைக்கும், ஆனால் அடை உட்காருவதில் அவ்வளவு அக்கறை காட்டாது. நாட்டுக்கோழிக்கு அடியில் 4 முட்டை வைக்கலாம். அந்தக் கனத்தைக் கோழியால் புரட்ட முடியாது. ஒரு பக்கம் பென்சில் குறி போட்டு, கோழி தீனிக்கு இறங்கும்போதெல்லாம் கையால் புரட்டிவிட வேண்டும்.

இன்குபேட்டர் என்றால் 37.5 டிகிரி, சுமார் 30 நாள். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். காற்றழுத்தம் குறைவு என்பதால் முட்டையின் ஈரம் சமவெளியைவிட வேகமாக வெளியேறும். வெளியே மேகம் இறங்கிக் கிடந்தாலும், அந்தக் குளிர்காற்று மெஷினுக்குள் சூடேறியதும் வறண்டுவிடும். அதனால் எடை போட்டுப் பார்ப்பதுதான் உத்தமம். 120 கிராம் முட்டை, ஓடு விரியத் தொடங்கும்போது 15 முதல் 17 கிராம் இழந்திருக்க வேண்டும். அதைவிட வேகமாக இறங்கினால் தண்ணீர்த் தட்டை அகலமாக்குங்கள். இல்லையென்றால் குஞ்சு சவ்வில் ஒட்டிக்கொண்டு உள்ளேயே செத்துவிடும். பத்தாம் நாளுக்குப் பிறகு தினமும் சில நிமிடம் திறந்து ஆறவிட்டு, வெதுவெதுப்பான நீர் தெளிப்பது நல்லது.

புரூடரில் (குஞ்சுகளுக்குச் சூடு கொடுக்கும் பெட்டியில்) முதல் வாரம் 32 டிகிரி, பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறைக்கலாம். இங்கே இறகு முளைத்து மூடும்வரை ராத்திரி பல்பை அணைக்கக் கூடாது. தண்ணீர் மூக்குத்துளை முங்கும் ஆழத்தில் வேண்டும், குஞ்சு உள்ளே இறங்கும்படி இருக்கக் கூடாது. தாயில்லாத குஞ்சுக்கு இறகில் எண்ணெய்ப் பசை இல்லை, நனைந்தால் விறைத்துப்போகும். 20 சதவீதப் புரதமுள்ள ஸ்டார்ட்டர் (குஞ்சுத் தீவனம்) மூன்று வாரம் போதும், பிறகு 15 சதவீதத்துக்கு இறக்கிவிடுங்கள். நீட்டித்தால் மூட்டு உறுதிப்படும் முன்பே இறகு கனத்து, இறக்கை நுனி வெளிப்பக்கம் திரும்பிக்கொள்ளும். ஆரம்பத்திலேயே தெரிந்தால் இறக்கையை மடித்து நாலைந்து நாள் டேப் சுற்றினால் திரும்பிவிடும். கோழித் தீவனத்தில் உள்ள நியாசின் (பி3 வைட்டமின்) இவற்றுக்குப் போதாது, கால் வளையும். நியாசின் நிறைந்த ப்ரூயர்ஸ் ஈஸ்ட் (பீர் தயாரிப்பில் பயன்படும் ஈஸ்ட்) கலக்க வேண்டும்.

கிக்கியூ புல்லை அழகாக மேயும், ஆனால் நாலு அங்குலத்துக்கு மேல் வளரவிடாதீர்கள். முற்றிய நீளப்புல் இரைப்பையில் திரண்டு அடைத்துக்கொள்ளும். கேரட், முட்டைக்கோஸ் பாத்திக்குக் கட்டாயம் வேலி வேண்டும். பேரிக்காய்க் கன்றுக்கும் வலை சுற்றுங்கள், பட்டையை உரித்துவிடும்.

உறைபனிக்கு ராத்திரி கொட்டகையே போதும். சிறுத்தைக்காகவும் அதை அடைத்துத்தான் ஆக வேண்டும். குளிரைவிட ஈரம்தான் மோசம். நனைந்த வைக்கோலில் பூஞ்சை பிடித்தால் நுரையீரல் போய்விடும், மரச்சீவல் போட்டு அடிக்கடி மாற்றுங்கள். மக்காச்சோளத்தை மழைக்காலத்துக்கென்று மொத்தமாக வாங்கி வைக்காதீர்கள். பூஞ்சை வாடை லேசாக அடித்தாலும் போடக் கூடாது, ஈரல் கெடும்.