அரிவரி ரீச்சரின்ர துண்டு மட்டையள்

பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் சங்க மலருக்கு எழுதித் தாங்கோ எண்டு சங்கச் செயலாளர் விடாமப் போன் அடிக்கிறார், பிக் மட்சும் பிரம்படியும் மற்ற ஆக்கள் எழுதுவினம், நான் எழுத்துப் பழகிற அரிவரி வகுப்பைப் பற்றி எழுதுறன்.

எங்கட ரீச்சர் 247 எழுத்தும் முடியட்டும் பிறகு சொல்லைப் பாப்பம் எண்டு நிக்கிற ஆளில்லை. நாலைஞ்சு எழுத்து வந்தவுடனயே அம்மா, படம், மரம் எண்டு கலண்டர் மட்டையில எழுதித் தூக்கிக் காட்டுவா, எழுத்துக் கூட்ட விடமாட்டா, கண்டவுடன சொல்லோணும். பக்கத்து வகுப்பு ஆனா ஆவன்னாவில நிக்க, நாங்கள் இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) பஸ் போர்டில காரைநகர் எண்டு வாசிச்சுப் புளுகத்தில திரிஞ்சம்.

ஆனா தமிழில ஒரு சிக்கல் இருக்கெல்லோ, மரம் எண்டதை முழுசாப் பதிச்சு வைச்ச பிள்ளை மரத்தில் எண்டு வந்தா முழிக்கும். அதுக்கு அவ மட்டையின்ர கடைசி 'ம்'மைப் பின்னால மடிச்சுப்போட்டு த்தில், ங்கள், த்தை எண்ட துண்டு மட்டையளை ஒவ்வொண்டாப் பக்கத்தில வைப்பா. மரத்தில், மரங்கள், மரத்தை. அதே துண்டுகள் படத்துக்கும் பொருந்தும். பால் மட்டையை மடிச்சு வைச்சா 'பாத்தில்' எண்டு வரும், வகுப்பே விழுந்து விழுந்து சிரிக்கும், அவ அதை வேணுமெண்டுதான் வைச்சவ எண்டு இப்ப விளங்குது.

இஞ்ச லண்டனில பேத்தி இயர் வன். 2012இல இருந்து இங்கிலாந்தில அந்த வகுப்புக்கு போனிக்ஸ் செக் எண்டொரு வாசிப்புச் சோதனை இருக்கு, சத்தம் பிரிச்சு வாசிக்கிறதுதான் முக்கியம், ஆனா 'செட்' (said), 'வாஸ்' (was) மாதிரிச் சத்தத்துக்கு அடங்காததுகளை ட்ரிக்கி வேர்ட்ஸ் எண்டு தனியாக் குடுக்கினம். அமெரிக்காவில எட்வர்ட் டோல்ச் எண்டவர் 1936இலயே பிள்ளையள் கண்டவுடன வாசிக்கோணும் எண்டு அடிக்கடி வாற 220 சொல்லைப் பொறுக்கிப் பட்டியல் போட்டவர், பெயர்ச்சொல் ஒண்டும் அதுக்குள்ள இல்லை, அது வேற பட்டியல். அதை அப்பிடியே தமிழாக்கித் தமிழ்ப் பள்ளியில குடுப்பம் எண்டு சில பேர் வெளிக்கிடினம். சரிவராது. அங்க 'இன்' (in), 'டு' (to) எண்டு தனிய நிக்கிறது எங்களுக்கு இல், கு எண்டு சொல்லுக்கு வாலா ஒட்டிக்கொண்டெல்லோ வருது, அப்ப ரீச்சரின்ர துண்டு மட்டையள்தான் எங்கட டோல்ச் லிஸ்ட்!

சீரியல் பெட்டியை வெட்டிப் பேத்திக்கும் செய்து குடுத்திருக்கிறன். வீட்டில் வேற மாதிரி, 'ட்' இரட்டிக்கும், அதுக்கு ரீச்சர் தனித் துண்டு வைச்சிருந்தவவோ தெரியேல்ல. அந்த வகுப்பில இருந்த ஆருக்கும் ஞாபகம் இருந்தாச் சங்கத்துக்கு அறிவியுங்கோ.