கழுத்து ஆறிய பிறகும் எலும்பு கேட்ட கால்சியம்

டயாலிசிஸில் இருப்பவரிடம் பாராதைராய்டு அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்று சொன்னால், முதலில் வரும் பயம் கழுத்தைப் பற்றியதாகத்தான் இருக்கும். குரல் போய்விடுமா, தழும்பு தெரியுமா, எத்தனை தையல் என்றுதான் கேட்போம். எனக்குக் கழுத்துத் தையல் ஒரு பொருட்டாகவே இருக்கவில்லை. என்னைப் படுத்தியெடுத்தது அதற்குப் பின் வந்த கால்சியம் வீழ்ச்சி. இதே அறுவைக்குத் தேதி குறித்துவிட்டுக் காத்திருப்பவர்கள் அந்த வாரங்களைப் பற்றியும் முன்கூட்டியே விசாரித்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

எனக்கு ஊர் புதுக்கோட்டைப் பக்கம். வாரம் மூன்று முறை டயாலிசிஸ்; இடக்கையில் ஃபிஸ்டுலா, அதாவது டயாலிசிஸுக்கு ரத்தம் எடுக்க அறுவை செய்து இணைத்த ரத்தக்குழாய். சிறுநீரகம் செயலிழந்தால் பாஸ்பரஸ் வெளியேறாமல் ரத்தத்தில் தங்குகிறது. வைட்டமின் டி-யை உடலுக்குப் பயன்படும் வடிவத்துக்கு மாற்றும் வேலையும் நின்றுபோவதால் கால்சியம் குறைகிறது. தைராய்டின் பின்பக்கம் துவரம்பருப்பு அளவில் ஒட்டிக்கொண்டிருக்கும் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் இதைச் சரிக்கட்ட முனைந்து, பி.டி.எச். என்ற ஹார்மோனை அதிகமாகச் சுரந்து, எலும்பிலிருக்கும் கால்சியத்தை எடுத்து ரத்தத்துக்கு அனுப்புகின்றன. இது வருடக்கணக்கில் நீடித்தால் சுரப்பிகள் பெருத்து, மாத்திரைக்குக் கட்டுப்படாத நிலைக்குப் போய்விடும். ஆரோக்கியமாக இருப்பவருக்கு ஏறக்குறைய 65-க்குள் இருக்க வேண்டிய பி.டி.எச். எனக்கு 1,900-ஐத் தாண்டியிருந்தது. டயாலிசிஸ் நோயாளிகளுக்கு இயல்பின் மேல்வரம்பைப் போல் ஒன்பது மடங்கு வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது சர்வதேச வழிகாட்டுதல். அந்த எல்லையையும் நான் மூன்று மடங்கு கடந்திருந்தேன்.

தொடை எலும்பும் குதிகாலும் சதா குடைந்துகொண்டே இருக்கும். சுவரைப் பிடிக்காமல் படி ஏற முடியாது. இரவில் அரிப்பு தாங்காமல் சீப்பை எடுத்து முதுகைச் சொறிந்துகொள்வேன். பி.டி.எச்.-ஐக் குறைக்கும் சினகால்செட் மாத்திரை சாப்பிட்டேன். அளவைக் கூட்டக் கூட்டக் குமட்டலும் வாந்தியும்தான் கூடின. எண் இறங்கவில்லை. அல்கலைன் பாஸ்படேஸ் என்ற ரத்தப் பரிசோதனையும் எனக்கு 1,100-ல் நின்றது. எலும்பு கரைவதும் மறுபடி கட்டப்படுவதும் எவ்வளவு வேகமாக நடக்கின்றன என்பதைக் காட்டும் எண் அது. அறுவைக்கு நாள் குறிக்கும்போது அந்த எண்ணில் வட்டம் போட்டு, "இதுதான் எனக்குக் கவலை. சுரப்பியை எடுத்த அன்றே உங்கள் எலும்பு கால்சியத்தை இழுக்க ஆரம்பித்துவிடும்" என்றார் சிறுநீரக மருத்துவர். அவர் சொன்னதன் முழு அர்த்தம் பின்னால்தான் எனக்கு விளங்கியது.

நான்கு சுரப்பிகளையும் எடுத்துவிட்டு, ஒன்றில் ஒரு பகுதியைச் சிறு துணுக்குகளாக நறுக்கி முன்கைத் தசைக்குள் வைத்துத் தைப்பது என்று முடிவானது. பின்னாளில் சுரப்பு மறுபடி கூடினால் கழுத்தைத் திறக்க வேண்டாம், கையிலிருந்தே எடுத்துவிடலாம். ஃபிஸ்டுலா இருக்கும் கையில் இதைச் செய்ய மாட்டார்கள் என்பதால் எனக்கு வலக்கை. இங்கேதான் டயாலிசிஸ் நோயாளிக்கு மட்டுமே உரிய ஒரு சிக்கல் வருகிறது. இடக்கையில் டயாலிசிஸ் ஊசியைத் தவிர வேறு ஊசி போடக் கூடாது, வலக்கையில் கட்டு. அப்படியானால் நாலைந்து நாள் ஓட வேண்டிய கால்சியம் டிரிப்பை எங்கே ஏற்றுவது? கால்சியம் குளுக்கோனேட் நரம்பைவிட்டுக் கசிந்தால் சதையே வெந்துபோகும். அதனால் சின்ன நரம்பில் நாள்கணக்கில் ஓடவிடுவது ஆபத்து. மயக்க மருத்துவரிடம் முந்தைய நாளே இதைக் கேட்டேன். மயக்கத்தில் இருக்கும்போதே கழுத்தின் பெரிய நரம்பில் ஒரு குழாய் போட்டுவிடுவதாகச் சொன்னார். ரத்த அழுத்தம் பார்ப்பது காலில் என்று கட்டில் தலைமாட்டில் எழுதி ஒட்டினார்கள். இதையெல்லாம் அறுவைக்கு முன்பே பேசி முடித்துவிடுவது அவசியம். நள்ளிரவில் கால்சியம் இறங்கும்போது நரம்பு தேடிக்கொண்டிருக்க முடியாது.

அறுவைக்கு முந்தைய நாள் ஹெபாரின் இல்லாமல் டயாலிசிஸ் செய்தார்கள். கழுத்துக்குள் ரத்தக் கசிவு வந்தால் மூச்சுக்குழாயை அழுத்திவிடும் என்பதால், ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மருந்தைத் தவிர்க்கிறார்கள். அறுவையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கண் விழித்தபோது தொண்டை கரகரத்தது, குரல் கம்மியிருந்தது. சில நாளில் சரியாகிவிட்டது. எடுத்த சுரப்பிகளில் ஒன்று சுண்டைக்காயைவிடப் பெரிதாக இருந்ததாம். பி.டி.எச். ரத்தத்தில் சில நிமிடங்களிலேயே பாதியாகக் கரைந்துவிடும் ஹார்மோன் என்பதால், அறுவை அரங்கிலேயே ரத்தம் எடுத்துப் பார்த்து, இறங்கிவிட்டதை உறுதிசெய்த பிறகே கழுத்தை மூடியிருக்கிறார்கள்.

அன்று மாலை முதலில் ஏறியது பொட்டாசியம். கால்சியத்தையே நினைத்துக்கொண்டிருந்த எங்களுக்கு இது எதிர்பாராதது. டயாலிசிஸ் நோயாளிகளுக்கு இந்த அறுவைக்குப் பின் பொட்டாசியம் ஏறுவது அடிக்கடி நடப்பதுதான் என்று மருத்துவர் சொன்னார். மறுநாள் காலையிலேயே, மறுபடியும் ஹெபாரின் இல்லாமல், மெஷினில் போட்டார்கள்.

கால்சியம் அன்றிரவு இறங்கத் தொடங்கியது. முதலில் மேலுதட்டின் ஓரம் மரத்தது. பிறகு விரல் நுனிகளில் எறும்பு ஊர்ந்தது. அதைக் கவனித்துக்கொண்டிருக்கும்போதே இடக்கை விரல்கள் தாமாக ஒன்றுசேர்ந்து குவிந்தன. கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கிக்கொண்டது. வலக்கை விரல்களால் அதைப் பிரித்துவிடப் பார்த்தேன், முடியவில்லை. பயத்தில் மூச்சு வேகமாக வாங்கியது, இழுப்பு இன்னும் கூடியது. இரவுப் பணியில் இருந்த சிஸ்டர் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, மெதுவாக மூச்சு விடுங்கள். வேகமாக மூச்சு விட்டால் இருக்கிற கால்சியமும் வேலை செய்யாது" என்றார். ஆறுதலுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன், உண்மையாகவே அப்படித்தானாம். மூச்சு வாங்க வாங்க ரத்தத்தின் காரத்தன்மை ஏறி, கால்சியம் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு பயன்படாமல் போகிறது. மூச்சை நிதானப்படுத்தியதில் இழுப்பு கொஞ்சம் தளர்ந்தது. அந்த சிஸ்டரை நான் என்றும் மறக்க மாட்டேன்.

அயனிக் கால்சியம், அதாவது புரதத்தோடு ஒட்டாமல் ரத்தத்தில் தனியாக இருக்கும் கால்சியம், 0.86 என்று வந்தது. 0.9-க்குக் கீழே போனால் டிரிப் தொடங்குவது வழக்கம். இந்தப் பரிசோதனைக்கு ஆய்வகம் வரை போக வேண்டியதில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் ரத்த வாயு பார்க்கும் மெஷினிலேயே இரண்டு நிமிடத்தில் எண் வந்துவிடுகிறது. முதல் இரண்டு மூன்று நாட்களுக்கு நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை இதைப் பார்த்தே ஆக வேண்டும். கால்சியம் குளுக்கோனேட்டின் பத்து மில்லி ஆம்பூல் ஒன்றில் சுமார் 90 மில்லிகிராம் கால்சியம்தான் இருக்கிறது. என் எடைக்கு மணிக்கு ஏறக்குறைய ஒரு ஆம்பூல் என்ற கணக்கில் ஓடியது. வார்டில் இருந்தது தீர்ந்து, என் கணவர் மருந்துக்கடைக்கு ஓடி அட்டைப்பெட்டியோடு வாங்கி வந்தார். இத்தனை ஏற்றியும் எண் அசையவில்லை. காய்ந்து வெடித்த ஏரியில் முதல் தண்ணீர் விட்டால் எங்கே போகிறதென்றே தெரியாதல்லவா, அப்படித்தான் எலும்பு அத்தனையையும் இழுத்துக்கொண்டது.

மூன்றாம் நாள் காலை மாத்திரைத் தட்டில் என்னுடைய பழைய செவலாமர் மாத்திரை இருந்தது. சாப்பாட்டிலுள்ள பாஸ்பரஸைப் பிடித்து வெளியேற்றும் மாத்திரை அது. வீட்டிலிருந்து கொண்டுபோன பழைய சீட்டைப் பார்த்து அப்படியே எழுதிவிட்டிருக்கிறார்கள். ஆனால் எலும்பு கால்சியத்தோடு பாஸ்பரஸையும் சேர்த்தே இழுப்பதால் அப்போது என் பாஸ்பரஸ் 2.1-க்கு இறங்கிக் கிடந்தது. "இதை நான் விழுங்க மாட்டேன், என் சிறுநீரக மருத்துவரிடம் கேட்டுச் சொல்லுங்கள்" என்றேன். முகம் சுளித்தார்கள், கேட்டார்கள், நிறுத்தினார்கள். அறுவைப் பிரிவுக்கும் டயாலிசிஸ் பிரிவுக்கும் நடுவே இத்தகைய இடைவெளிகள் இருக்கின்றன. அவற்றின் விலையைக் கொடுப்பது படுக்கையில் கிடப்பவர்தான். எனக்கு இதில் கோபம் இன்னும் போகவில்லை.

டயாலிசிஸ் தரப்பில் ஒன்று நன்றாக நடந்தது. எங்கள் ஊர் யூனிட்டின் டெக்னீஷியன் தம்பி, நான் அறுவைக்குப் போவதற்கு முன்பே, "அக்கா, திரும்பி வரும்போது பார்ட் ஏ எந்தக் கேன் என்று டாக்டரிடம் எழுதி வாங்கி வந்துவிடுங்கள். இங்கே அதை வரவழைக்க எனக்கு நேரம் வேண்டும்" என்று சொல்லியிருந்தார். டயாலிசிஸ் திரவத்தின் கால்சியம் அந்தக் கேனில்தான் இருக்கிறது. முன்பு எனக்குப் போட்டுக்கொண்டிருந்தது லிட்டருக்கு 1.25 மில்லிமோல். அறுவைக்குப் பிறகு 1.75 வேண்டும் என்றார் மருத்துவர். அந்த அளவில் போட்டால் மெஷினே நான்கு மணி நேரம் ரத்தத்துக்குக் கால்சியம் ஊட்டிக்கொண்டிருக்கும். ஊர் திரும்பிய முதல் டயாலிசிஸில் என் மெஷின் பக்கத்தில் என் பெயர் எழுதிய தனிக் கேன் தயாராக இருந்தது. உதட்டு மரப்போடு போய் அமர்ந்தவள், முடித்து எழுந்தபோது உதடு தெளிந்திருந்தேன்.

வீட்டில் எல்லாம் மாத்திரைக் கணக்குதான். அறுவைக்கு முன் கால்சியம் கார்பனேட்டைச் சாப்பாட்டோடு மென்று தின்னச் சொல்வார்கள், பாஸ்பரஸைப் பிடிப்பதற்காக. இப்போது அதே மாத்திரை, இரண்டு சாப்பாட்டுக்கு நடுவே. அப்போதுதான் கால்சியம் உணவோடு சிக்காமல் ரத்தத்தில் சேரும். பல வருடப் பழக்கத்தை ஒரே நாளில் மாற்ற வேண்டியிருந்ததால், சாப்பாட்டு மேசையிலிருந்த மாத்திரை டப்பாவை எடுத்து டி.வி. பக்கத்தில் வைத்தேன். அட்டையில் 1,250 மில்லிகிராம் என்று இருந்தால் அதில் உள்ள கால்சியம் 500 மட்டுமே. மருத்துவர் சொல்லும் அளவு எந்தக் கணக்கில் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அமிலம் குறைக்கும் பான்டோபிரசோல் எனக்கு ஏற்கெனவே இருந்தது. வயிற்றில் அமிலம் குறைந்தால் கார்பனேட் சரியாக உறிஞ்சப்படாது என்று அதையும் நிறுத்தினார்கள். கூடவே, உடலுக்கு நேரடியாகப் பயன்படும் வடிவிலுள்ள வைட்டமின் டி-யான, சிவப்பு முத்துப்போன்ற கால்சிட்ரையால் வேளைக்கு இரண்டு. நாளொன்றுக்கு ஒரு லிட்டருக்குள் தண்ணீர் குடிக்க வேண்டியவளுக்கு இத்தனை மாத்திரையை விழுங்கவே தண்ணீர் தீர்ந்துவிடும். மலச்சிக்கல் வேறு. கடையில் கேட்டு மெக்னீசியம் கலந்த பேதி மருந்தை நாமாக வாங்கிக் குடித்துவிடக் கூடாது. டயாலிசிஸில் அது உடம்பில் தங்கிவிடும். எனக்கு லாக்டுலோஸ் எழுதிக் கொடுத்தார்கள்.

உறவினர்களின் அன்பைச் சமாளிப்பதும் ஒரு வேலையாக இருந்தது. எலும்பு என்ற சொல் காதில் விழுந்ததுமே மாமியார் ஆட்டுக்கால் சூப் வைத்தார், சித்தி பிரண்டைத் துவையலோடும் முருங்கைக்கீரைப் பொரியலோடும் வந்தார். ஆட்டுக்கால் சூப்பில் நாம் நினைக்கும் அளவுக்குக் கால்சியம் இறங்குவதில்லை. ஒரு டம்ளர் குடித்தால் அன்றைய தண்ணீர்க் கணக்கில் ஒரு டம்ளர் போயிற்று. முருங்கைக்கீரையில் பொட்டாசியம் அதிகம். ஏற்கெனவே ஏறி இறங்கியவளுக்கு அது ஆகாது. பிரண்டையையும் மருத்துவர் வேண்டாம் என்றுவிட்டார். அதற்குப் பதிலாக எனக்கு ஒரு பரிசு கிடைத்தது. பாஸ்பரஸ் குறைந்திருந்ததால் தினமும் ஒரு கிண்ணம் தயிர் சாப்பிடலாம் என்றார் உணவியல் நிபுணர். எத்தனை வருடம் ஆகிவிட்டது நான் வயிறாரத் தயிர்ச்சோறு சாப்பிட்டு! அந்த மதியத்தை மறக்கவே முடியாது. சித்தியும் சமாதானமானார்.

அரிப்பு, அறுவை முடிந்த சில நாட்களுக்குள்ளேயே போய்விட்டது. வார்டில் கால்சியத்தோடு போராடிக்கொண்டிருந்தபோதே இரவில் முதுகைச் சொறியாமல் தூங்கியிருக்கிறேன் என்பதைக் கணவர்தான் கவனித்துச் சொன்னார். எலும்பு வலி படிப்படியாகத்தான் விட்டது. குதிகால் முதலில், தொடை கடைசியில். அல்கலைன் பாஸ்படேஸ் அறுவைக்குப் பின் இன்னும் ஏறியபோது பயந்துபோனேன். எலும்பு மறுபடி கட்டப்படுவதன் அடையாளம் அது என்றும், எலும்பின் கால்சியப் பசி தீரத் தீர இறங்கும் என்றும் விளக்கினார்கள். மாதங்கள் கழித்து அப்படியே இறங்கியது. அந்த எண் இறங்கும் வேகத்தைப் பார்த்து மாத்திரையைக் குறைக்க வேண்டும். குறைக்காமல் பழைய அளவிலேயே விழுங்கிக்கொண்டிருந்தால் கால்சியம் மேலே ஏறி ரத்தக்குழாயில் படியும் ஆபத்து இருக்கிறது. அதனால் முதல் சில வாரங்கள் ஒவ்வொரு டயாலிசிஸின்போதும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள்.

பி.டி.எச். பரிசோதனைக்கு ரத்தம் எடுக்க வரும்போது ஒன்றை நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. வலக்கையில் சுரப்பித் துணுக்கு இருப்பதால் அந்தக் கையில் எடுத்தால் எண் பொய்யாக ஏறிக் காட்டும். மெஷின் தொடங்கும்போது ஃபிஸ்டுலாவிலிருந்தே எடுத்துவிடச் சொல்கிறேன். இதை என் டயாலிசிஸ் அட்டையின் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன். அதன் கீழே கேனின் கால்சியம் அளவு, கடைசி கால்சியம், பாஸ்பரஸ், அல்கலைன் பாஸ்படேஸ். கடைசியாகப் பார்த்ததில் பி.டி.எச். 140. துணுக்கு வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது என்றார் மருத்துவர். ரத்தத்தின் மொத்தக் கால்சியம் (அயனிக் கால்சியத்திலிருந்து வேறு கணக்கு) 8.9-ல் நிலையாக இருப்பதால் இந்த மாதம் கால்சிட்ரையாலில் ஒரு வேளையைக் குறைத்திருக்கிறார்கள். அடுத்த மாதமும் இதே எண் வந்தால் கேனையும் 1.5-க்கு மாற்றிவிடலாம் என்று டெக்னீஷியன் தம்பியிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.