கட்டம் போட்ட சேலைக்காரம்மா கவுண்டர்

பெரிய கட்டமும் அடர்ந்த நிறமும் கொண்ட உடை அலுவலகத்துக்குப் பொருந்துமா என்ற கேள்விக்கு எங்கள் வங்கிக் கிளையில் இந்த வாரம் எல்லாரும் விடை சொல்லிவிட்டார்கள். மேலாளர் சொன்னார், நகைக்கடன் பிரிவில் அமர்ந்திருக்கும் நம் சட்டப்புலி சொன்னார், வாசலில் நிற்கும் காவலாளி அண்ணன் சொன்னார், தேநீர் கொண்டுவரும் தம்பிகூடத் தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தன் பங்குக்கு ஒரு கருத்தைச் சொன்னான். யாரும் கருத்துக் கேட்காத ஒரே ஆள் நான்தான். சேலையைக் கட்டியிருந்தவளும் நான்தான்.

எல்லாம் அத்தையின் ஏற்பாடு. என் அலுவலகச் சேலைகள் இவ்வளவுதான்: வெளிறிய நீலம் ஒன்று, வெளிறிய பச்சை ஒன்று, துவைத்துத் துவைத்து இந்த இரண்டில் எதைச் சேர்ந்தது என்று தெரியாமற்போன மற்றவை. காரைக்குடியில் குடித்தனம் நடத்திக்கொண்டு அந்த ஊர்த் தறிச்சேலையான கண்டாங்கி ஒன்றுகூட இல்லாமல் மருமகள் வேலைக்குப் போய் வருவது அத்தைக்கு ஆறாத மனக்குறை. கடைக்குப் போனால் கண்டதையும் தலையில் கட்டிவிடுவார்கள் என்று நெசவாளர் வீட்டுக்கே போய், தறியடியில் உட்கார்ந்து, அவரையும் பேச வைத்து, தாமும் பேசி, மஞ்சள் உடலில் உள்ளங்கை அகலத்துக்கு அரக்குக் கட்டமும் கறுப்புக் கரையும் போட்ட சேலையை வாங்கி வந்தார். சாயம் போகாமலிருக்க உப்புத் தண்ணீரில் ஊறவைத்ததும், நிழலில் உலர்த்தியதும், நான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் கேளாமல் கெட்டியாகக் கஞ்சி போட்டதும் அவரேதான். அந்தக் கஞ்சியின் வீரியத்தில், நான் நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் கொசுவம் மட்டும் சிறிது நேரம் நின்றுகொண்டே இருந்தது.

காலையில் என்னைப் பார்த்த வீட்டுக்காரர், இன்றைக்கு வங்கியில் சதுரங்கப் போட்டியா என்று கேட்டார். அவருக்கு அன்று இரண்டாவது காப்பி கிடைக்கவில்லை.

மேலாளர் புதியவர், வெளியூரிலிருந்து மாற்றலில் வந்தவர். கோடு போட்ட சட்டைதான் அணிவார் என்றாலும், அதில் கோடு இருப்பதை அவராகச் சொன்னால்தான் நமக்குத் தெரியும். பத்தரை மணிக்குத் தம் அறைக்கு அழைத்து, “மேடம், தப்பா நினைக்காதீங்க” என்று தொடங்கினார். இப்படித் தொடங்குகிற எந்தப் பேச்சையும் தப்பாக நினைப்பதைத் தவிர எனக்கு வேறு வழி இருந்ததில்லை. வங்கி என்பது நம்பிக்கை சார்ந்த இடம் என்றும், வாடிக்கையாளர் பணத்தை எண்ணும்போது எதிரில் இவ்வளவு பெரிய கட்டம் இருந்தால் கவனம் சிதறும் என்றும், இனிமேல் கொஞ்சம் அடக்கமான டிசைனாகப் பார்த்துக் கட்டிவந்தால் நல்லது என்றும் சொன்னார். எண்ணுவதற்கு இயந்திரம் இருக்கிறதே, அதற்கும் கவனம் சிதறுமா என்று கேட்க நாக்கின் நுனிவரை வந்தது. ஆண்டுக் குறிப்பேட்டில் எனக்கு மதிப்பெண் போடுகிறவர் அவர் என்பதும் அதே நுனியில் நினைவுக்கு வந்ததால், சரிங்க சார் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

வெளியே சட்டப்புலி காத்திருந்தார். தமிழக அரசே 2019-ஆம் ஆண்டில் ஊழியர் உடை குறித்து ஆணை பிறப்பித்திருக்கிறதே என்று அவர் தொடங்கினார். அந்த ஆணை தலைமைச் செயலக ஊழியர்களுக்கானது, நாம் தலைமைச் செயலகத்தில் இல்லை, அதில் பெண்களுக்கு அனுமதித்த உடைகளில் சேலையும் இருக்கிறது, கட்டத்தின் நீள அகலம் எங்கும் குறிப்பிடப்படவில்லை என்று நான் நான்கு பக்கமும் அடைத்தேன். காரைக்குடிக் கண்டாங்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததும் அதே 2019-இல்தான் என்பதையும், அதை வழங்கிய பதிவகமும் சென்னையில்தான் இருக்கிறது என்பதையும் உபரியாகச் சேர்த்தேன். ஒரே ஊரிலிருந்து ஒரே ஆண்டில் வந்த இரண்டு காகிதங்களில் அவருக்கு ஒன்று மட்டும் மனப்பாடமாகியிருந்தது. திண்டுக்கல் பூட்டுக்கும் அப்போதுதான் குறியீடு கொடுத்தார்கள். அப்படி ஒன்றை வாங்கி இவர் வாய்க்குப் போட்டால் என்ன என்று தோன்றியதை மட்டும் சொல்லாமல் விட்டேன்.

இந்த மேலாளரை மலேசியாவுக்கு மாற்றினால் என்ன ஆவார் என்று அன்று முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தேன். கிள்ளானில் இருக்கும் நம் சித்தப்பா அங்கே அரசு அலுவலகத்தில் பணியாற்றியவர். வியாழக்கிழமைகளில் பாத்திக் என்ற சாயவேலைத் துணியில் தைத்த உடை அணிய வேண்டும் என்று 2008-இல் அரசு ஊழியர்களுக்கு உத்தரவு போட்ட நாடு அது. மெழுகால் கோடு இழுத்து, இடையில் தூரிகையால் சாயம் தீட்டி, மார்பு நிறையப் பூவும் இலையும் படர்ந்த முழுக்கைச் சட்டையில் சித்தப்பா கோப்பில் கையெழுத்திடும் புகைப்படம் அத்தையின் ஆல்பத்தில் இருக்கிறது. பின்னால் வரிசையாக அமர்ந்திருப்பவர்களும் பூவும் இலையுமாகத்தான் இருக்கிறார்கள். அதனால் அந்த நாட்டு அரசாங்கத்தின் மீது மக்களுக்கு நம்பிக்கை போய்விட்டதாகச் சித்தப்பா ஒருநாளும் சொன்னதில்லை.

ஆனால் மேலாளர் சொன்னதில் ஒரு பாதி உண்மை இருந்தது. கவனம் சிதறவில்லை, மொத்தமும் என்மேல் வந்து குவிந்துவிட்டது. இது நவம்பர் மாதம். மத்திய அரசு ஓய்வூதியர்கள் வாழ்நாள் சான்றிதழ் கொடுக்கிற மாதம். 2014 முதல் ஜீவன் பிரமாண் என்று இணையவழி ஏற்பாடு இருக்கிறது. விரல்ரேகையை வைத்தால் போதும், முகத்தைக் காட்டினாலும் போதும், வீட்டிலிருந்தே முடிக்கலாம். ஆனால், தாம் உயிரோடு இருப்பதைக் கைப்பேசியிடம் போய்ச் சொல்வானேன், ஒரு மனிதரிடம் நேரில் சொன்னால்தானே மரியாதை என்று நம் ஊர்ப் பெரியவர்கள் கிளைக்கே வந்துவிடுகிறார்கள்.

முதலில் வந்த ஆச்சிக்கு, மறைந்த கணவரின் ரயில்வே குடும்ப ஓய்வூதியம் வருகிறது. கண்ணாடித் தடுப்பின் அடியில் கையை நுழைத்து, படிவத்தைத் தருவார் என்று நான் காத்திருக்க, மேசைமேல் கிடந்த என் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டார். பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நிதானமாகத் தேய்த்துப் பார்த்து, “தறியா, மிஷினா?” என்றார். தறிதான் ஆச்சி என்றேன். “முன்னெல்லாம் இதைவிடக் கனமா இருக்கும், ஒரு சீலை துவைச்சா ஒரு வேளைச் சோறு செரிச்சுப்போகும்” என்று சொல்லி, விலையையும் நெசவாளர் வீட்டுத் தெருவையும் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் ஆதார் அட்டையை எடுத்தார். கருவியில் அவருடைய ரேகை விழவில்லை. அரைத்தும் கழுவியும் தேய்ந்துபோன விரல் அது. மூன்றாம் முறையும் சிவப்பு விளக்கே எரிந்தபோது, என்னைக் கேட்காமல் அதே முந்தானையில் விரலை அழுத்தித் துடைத்து மறுபடி வைத்தார். பச்சை எரிந்தது. “பருத்தின்னா பருத்திதான்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

போனவர் சும்மா போகவில்லை. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர்களிடம், உள்ளே கட்டம் போட்ட சீலை கட்டின பிள்ளையிடம் போனால் ரேகை உடனே விழுகிறது என்று அறிவித்துவிட்டார். எங்கள் கிளையில் மூன்று கவுண்டர்கள் இருக்கின்றன. மூன்றுக்கும் பெரிய எழுத்தில் எண் போட்டிருக்கிறது. டோக்கன் இயந்திரம் இரண்டு மொழிகளில் கூவுகிறது. அன்று அவற்றை யாரும் மதிக்கவில்லை. காவலாளி அண்ணன் கையை நீட்டி என் கட்டத்தைக் காட்டினார். நகைக்கடனுக்கு வந்தவர், காசோலைப் புத்தகம் கேட்டு வந்தவர், பக்கத்துக் கட்டடத்தில் பல் பிடுங்க வேண்டி வழி தவறி வந்தவர், எல்லாரும் என் முன்னால் நின்றார்கள்.

அடுத்த கவுண்டரில் இருப்பவர் சந்தன நிறச் சட்டைக்காரர். அவருடைய கவுண்டரின் சுவரும் சந்தன நிறம். எத்தனை ஆண்டுகளாக யோசித்து இந்தச் சட்டையைத் தேர்ந்தெடுத்தாரோ தெரியாது. இருக்கிறாரா இல்லையா என்று இரண்டடி தூரத்தில் இருக்கும் எனக்கே தெரிவதில்லை. பதினொன்றரைக்குத் தேநீர் குடிக்கப் போவார், போனது தெரியாது. பன்னிரண்டுக்கு வருவார், வந்ததும் தெரியாது. நானோ தண்ணீர் குடிக்க எழுந்தால்கூட வரிசை முழுவதும் தலையைத் திருப்பி, எங்கே போகிறேன் என்று பார்த்தது. அடக்கமான உடை வேண்டும் என்று சொல்பவர்கள் கண்ணியத்தைப் பற்றியே பேசுகிறார்களே தவிர, அதில் கிடைக்கும் இந்த ஓய்வைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை.

நான்கு மணிக்கு மேலாளரின் அறைக் கதவு திறந்திருந்தது. தொலைபேசியில் யாரோ ஒரு முக்கிய வாடிக்கையாளரிடம் அவர் பேசிக்கொண்டிருந்தார். “சார், உள்ளே வந்ததும் இடதுபக்கம், பெரிய கட்டம் போட்ட சேலை கட்டின மேடம் இருப்பாங்க, அவங்ககிட்ட கொடுங்க, பார்த்தவுடனே தெரியும்” என்றார். நான் கேட்டுக்கொண்டிருப்பதைக் கண்டதும் தம் சட்டைக் கோட்டைப் பார்க்கத் தொடங்கினார்.

மறுநாள் வெளிறிய நீலத்தில் போய் உட்கார்ந்தேன். திறந்ததும் வந்த பெரியவர் கவுண்டர் கவுண்டராகப் பார்த்துவிட்டு என்னிடமே வந்து, “கட்டம் போட்ட சேலைக்காரம்மா இன்னைக்கு வரலையா?” என்று கேட்டார். அவர் விடுமுறையில் இருக்கிறார், பக்கத்துக் கவுண்டரில் ஒருவர் சந்தன நிறச் சட்டையில் இருக்கிறார், உற்றுப் பார்த்தால் தெரியும் என்று சொல்லி அனுப்பினேன். அவருக்குப் பின்னால் வந்தவர்களுக்கும் அதையே சொன்னேன். பதினொன்றரை மணிக்கு நான் தேநீர் குடித்துவிட்டுத் திரும்பியபோது சட்டைக்காரரின் வரிசை வாசலைத் தாண்டியிருந்தது.